லேமுவேலின் அம்மா மகனுக்குச் சொன்னது

முதலாவது தேவன், இரண்டாவது குடும்பம், மூன்றாவது வேலை. கல்யாணப் பிரசங்கத்தில், பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், உபவாச ஜெபத்தில் என்று இந்த வரிசை வேதவசனம் மாதிரியே சொல்லப்படுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கிறிஸ்தவப் பெண்ணிடம் வந்து சேரும்போது அதற்குப் பொருள் ஒன்றே ஒன்று: வீட்டில் ஏதாவது இடைஞ்சல் வந்தால் அவள் வேலையை விட வேண்டும். அவள் கணவன் ராத்திரி பத்து மணிக்கு வீடு திரும்பினால் "பாவம், குடும்பத்துக்காகத்தானே உழைக்கிறான்" என்கிறார்கள். அவள் ஏழு மணிக்குத் திரும்பினால் குடும்பத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டாள் என்கிறார்கள். ஒரே உழைப்பு, இரண்டு கணக்கு.

இந்தப் பட்டியல் வேதாகமத்தின் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. தேவனை முழு இருதயத்தோடு நேசிக்க வேண்டும் என்பது உண்டு. ஆனால் அந்த நேசம் காலை ஜெபத்தோடு முடிந்து, அதன்பின் குடும்பம் தொடங்கி, அது முடிந்தபின் வேலை தொடங்குவதாக யாரும் எழுதவில்லை. கொலோசெயர் 3ஆம் அதிகாரத்தில் பவுல் அடிமைகளிடம் பேசுகிறார். விருப்பமில்லாத வேலையை, கூலியில்லாமல் செய்தவர்கள் அவர்கள். அந்த வேலையைக்கூடக் கர்த்தருக்கென்று செய்யும்படிதான் சொல்கிறார். வேலை மூன்றாம் இடம் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த மனிதர்களின் வாழ்நாள் முழுவதுமே மூன்றாம் இடத்துக்குப் போயிருக்கும்.

அடுத்ததாக நீதிமொழிகள் 31ஐ எடுத்துப் போடுவார்கள். குணசாலியான ஸ்திரீயைப் போல வீட்டைக் கட்டிக் காப்பாற்று என்பார்கள். அந்த அதிகாரத்தை உட்கார்ந்து முழுதாகப் படிக்க வேண்டும். அந்தப் பெண் ஒரு வயலை விசாரித்து வாங்குகிறாள். சம்பாத்தியத்தைக் கொண்டு திராட்சத் தோட்டம் போடுகிறாள். துணி நெய்து விற்கிறாள், வணிகர்களுக்குக் கச்சைகள் கொடுத்தனுப்புகிறாள். இதையெல்லாம் செய்ய அவள் வீட்டில் வேலைக்காரிகள் இருந்தார்கள் என்று 15ஆம் வசனம் சொல்கிறது. பிரசங்கங்களில் அதிகம் காதில் விழாத வசனம் அது. காலையில் சமைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டி, ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்துப் பள்ளிக்கூடம் போகும் ஓர் ஆசிரியையை, வேலையாட்கள் சூழ வாழ்ந்த அந்தப் பெண்ணோடு ஒப்பிட்டு "அவளால் முடிந்தது, உன்னால் ஏன் முடியவில்லை?" என்று கேட்பது அநியாயம்.

அதைவிடப் பெரிய செய்தி அந்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே இருக்கிறது. இவை லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்தவை என்று தொடங்குகிறது. மகனுக்குச் சொன்ன புத்தி அது. கணவன் மனைவியைப் புகழ்வதோடும், அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுங்கள், அவள் செய்கைகள் ஊர் வாசலில் அவளைப் புகழட்டும் என்பதோடும்தான் அந்த அதிகாரம் முடிகிறது. நம் சபைகளிலோ மகன்களைத் தாண்டி மருமகள்களுக்கே அதை வாசித்துக் காட்டுகிறோம்.

மார்த்தாள் கதையும் தலைகீழாகவே பயன்படுகிறது. வேலைக்குப் போகும் பெண்ணைப் பார்த்து "மார்த்தாளைப் போல ஓடாதே, மரியாளைப் போல உட்கார்" என்கிறார்கள். லூக்கா 10இல் மார்த்தாள் எந்த வேலையால் திணறினாள்? பந்தி பரிமாறும் வேலையால்! வீட்டு வேலைதான் அவளை இயேசுவின் பாதத்தண்டையில் உட்கார விடாமல் இழுத்தது. அந்தக் கதையைச் சொல்லி ஒரு பெண்ணை அலுவலகத்திலிருந்து கூட்டி வந்து நிறுத்துகிற இடம், மார்த்தாள் திணறிய அதே அடுக்களை. யோவான் 11இல் சகோதரன் லாசரு இறந்த துக்கத்தின் நடுவே இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கை செய்தவளும் இதே மார்த்தாள்தான். அதுவும் பிரசங்கிக்கப்பட வேண்டும்.

தீத்து 2ஐக் காட்டுபவர்களுக்கும் பதில் உண்டு. இளம்பெண்கள் வீட்டைப் பேண வேண்டும் என்று பவுல் எழுதியது உண்மை. அந்தக் காலத்தில் பட்டறையும் கடையும் வீட்டோடு இருந்தன. கொரிந்துவில் பவுல் தங்கிய வீட்டில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் செய்து பிழைத்தார்கள். பிலிப்பியில் அவரைத் தன் வீட்டில் தங்கும்படி வருந்திக் கேட்டுக்கொண்ட லீதியாள் இரத்தாம்பரம் விற்ற வியாபாரி. பெண் சம்பாதிப்பதைப் பவுல் தவறென்று நினைத்திருந்தால் இந்த வீடுகளில் சாப்பிட்டிருக்க மாட்டார். ஏரோதின் காரியக்காரனான கூசாவின் மனைவி யோவன்னாளும் மற்றப் பெண்களும் தங்கள் ஆஸ்தியால் இயேசுவின் ஊழியத்தைத் தாங்கினார்கள் என்று லூக்கா 8 சொல்கிறது. இன்றும் வேலைக்குப் போகும் பெண்களின் தசமபாகம் காணிக்கைப் பையில் விழுகிறது. அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு, அதைக் கொண்டுவரும் வேலையை மட்டும் குறைவாகப் பேசக்கூடாது.

"நம் பாட்டிமார் வீட்டிலேயே இருந்துதானே விசுவாசத்தில் நிலைத்தார்கள்?" என்ற கேள்வி அடிக்கடி வரும். நெல்லைச் சீமையின் ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதியினர் பனையை நம்பி வாழ்ந்தவர்கள். ஆண்கள் பனையேறிப் பதனீர் இறக்கினார்கள். அதைக் காய்ச்சியது பெண்கள். அனல் அடிக்கும் அடுப்பின் முன் நின்று, பொங்கி வழியாமல் கிண்டி, பாகு பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி ஆக்கினார்கள். பதம் தப்பினால் அன்றைய வருமானம் போயிற்று. நாகர்கோவிலில் மிஷனெரியின் மனைவி மார்த்தா மால்ட் 1820களில் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைப் பெண்களில் சிலர் அந்தக் கூலியைச் சேர்த்தே தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். நாகர்கோவில் அன்று சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அந்த அம்மையாரின் மகளும் ராபர்ட் கால்டுவெல்லின் மனைவியுமான எலைசா அதே தொழிலை இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். ஊர் ஊராக நடந்து, வீடுகளுக்குள் போய் வேதம் வாசித்துக் காட்டிய பைபிள் பெண்களும் மிஷனில் சம்பளம் வாங்கியவர்களே. உழைக்காத பாட்டிமார் என்பது நம் கற்பனை.

1976இல் தென்னிந்தியத் திருச்சபை எலிசபெத் பாலை முதல் பெண் ஆயராக அபிஷேகம் செய்தது. 2013இல் புஷ்பலலிதா பேராயரானார். இவர்களுக்கு வேலை எந்த இடம், விசுவாசம் எந்த இடம் என்று எந்தப் பட்டியலைக் கொண்டு பிரிப்பது?

பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்ற பயம் உண்மையானது. அதை யாரும் லேசாகத் தள்ளிவிடக்கூடாது. ஆனாலும் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி எழுதும்போது பவுல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் சேர்த்தே சொல்கிறார். வளர்ப்பு ஒருத்தி தலையில் மட்டும் விழவில்லை.

கடைசியாக, மிக அன்போடு சொல்லப்படும் ஒரு யோசனை: நாலு மணிக்கு எழுந்தால் எல்லாம் சரியாகும், நேரத்தைத் திட்டமிடு. 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலை செய்த பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார்கள். செய்த ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். அதிலும் ஆண்களில் சுமார் 26 விழுக்காட்டினரே அன்று வீட்டு வேலையைத் தொட்டவர்கள். பெண்களில் இது 81. பெண் அலாரம் வைக்கும் நேரத்தை மாற்றினால் இந்த வித்தியாசம் குறையாது. அவளுக்கு இன்னும் தூக்கம்தான் குறையும். ஆண்களுக்குச் சமைக்கத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. அசனப் பண்டிகையில் அண்டா ஏற்றி, காய் நறுக்கி, ஆயிரம் பேருக்குச் சாம்பார் காய்ச்சுகிற ஆண்களை நெல்லைச் சபைகள் நன்றாக அறியும். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் கரிநெருப்பில் மீன் சுட்டுச் சீஷர்களைச் சாப்பிடக் கூப்பிட்டதையும் யோவான் 21இல் வாசிக்கிறோம்.

ஆகவே சேகரக் கமிட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். பெண்கள் கூட்டத்தை வேலைநாளின் பகல் நேரத்தில் வைத்துவிட்டு, வராதவர்களை ஆவிக்குரிய ஆர்வம் இல்லாதவர்கள் என்று பேசாதீர்கள். மாலைக் கூட்டத்தின்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை வாலிபர் சங்கத்துக்குக் கொடுங்கள். இந்த வருஷம் ஆண்கள் ஞாயிறு வரும்போது நீதிமொழிகள் 31ஐ, அதன் முதல் வசனத்திலிருந்து, ஆண்களுக்குப் பிரசங்கியுங்கள்.