டீசல் கார் உண்மையிலேயே உழைக்குமா?

"டீசல் வண்டின்னா உழைக்கும்ணே, பெட்ரோல் தாங்காது." ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பழைய கார் வாங்கக் கிளம்பும் எவருக்கும் கிடைக்கும் இலவச ஆலோசனை இது. இன்றைய காருக்கு இது பொருந்துமா?

இந்த நம்பிக்கை லாரியைப் பார்த்து வந்தது. துறைமுகத்துக்கு கன்டெய்னர் இழுக்கும் வண்டிகள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதை இந்த ஊர் தினமும் பார்க்கிறது. லாரி செய்யும் அசோக் லேலண்டும் எண்ணூரில்தான் இருக்கிறது. (வேடிக்கை என்னவென்றால், 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அந்த நிறுவனம் முதலில் பூட்டியது ஆஸ்டின் ஏ40 என்ற பெட்ரோல் கார்!)

லாரி இன்ஜின் ஏன் உழைக்கிறது? பெரிய இன்ஜின், குறைந்த வேகச் சுழற்சி, சூடானபின் மணிக்கணக்கில் நிற்காத ஓட்டம். காற்றை அழுத்தியே டீசலைப் பற்றவைப்பதால் பிளாக்கும் பிஸ்டனும் கனமாகவே இருக்கும். அதெல்லாம் சரி.

ஆனால் காரில் செலவு வைப்பது பெரும்பாலும் பிளாக் அல்ல, அதைச் சுற்றியுள்ள சாமான்கள். காமன்ரெயில் டீசலில் அழுத்தம் 1600 பாரையும் தாண்டும்; சாதாரண பெட்ரோல் இன்ஜெக்‌ஷனில் 3, 4 பார்தான். டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலே பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் ஆபத்து. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். ஃபில்டரும் சேர்ந்தது. பிடித்த கரியை எரிக்க நல்ல சூடும் தொடர்ந்த ஓட்டமும் வேண்டும். கல்மண்டபத்திலிருந்து பாரிமுனைக்கு நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு அந்தச் சூடு எங்கிருந்து வரும்?

மழையையும் மறக்க வேண்டாம். 2015, 2023 டிசம்பர்களில் வடசென்னையில் வெள்ளம் வந்தது. தண்ணீரை உறிஞ்சினால் எந்த இன்ஜினும் தப்பாது. ஆனால் டீசலில் அழுத்த விகிதம் அதிகம், சிலிண்டரில் மிஞ்சும் இடம் குறைவு. கனெக்டிங் ராடு வளைய இன்னும் கொஞ்சத் தண்ணீரே போதும்.

"மைலேஜ்?" என்பார்கள். கிடைக்கும். ஆனால் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியபின் பழைய விலை வித்தியாசம் சுருங்கிவிட்டது. 2020-ல் மாருதி டீசல் கார்களையே நிறுத்தியது. லிட்டருக்கு மிச்சம் பிடித்ததை ஒரே ஒரு இன்ஜெக்டர் வேலை விழுங்கிவிடும்.

தினமும் நெல்லூர் போய்வருபவர் டீசல் வாங்கட்டும், அவருக்கு அது உழைக்கும். திருவொற்றியூரிலிருந்து தினம் ஐந்தாறு கிலோமீட்டர் போகும் குடும்பத்துக்கு டர்போ இல்லாத சாதாரண பெட்ரோல் இன்ஜினே போதும். கடன் வாங்கிக் கார் எடுப்பவரிடம் லாரிக் கதை சொல்லி டீசலைத் தலையில் கட்டுவது, நல்லெண்ணத்தில் செய்தாலும் அநியாயம்தான்.