வேலி எங்கே தொடங்குகிறது?



2024 மே 17ஆம் நாள் விடியற்காலையில் ஜொகூர், உலு திராம் காவல் நிலையத்தில் புகுந்த ஓர் இளைஞர் இரண்டு காவலர்களைக் கொன்றார். அடுத்த வாரம் என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, அவங்க எல்லாருமே அப்படித்தானா?" என்று கேட்டான். அவ்வினாவை அவன் பாடநூலில் கற்கவில்லை. வீட்டுக் கைப்பேசியின் புலனத்தில் கற்றிருந்தான்.

மதத்தின் பெயரால் நிகழும் வன்முறை நம் நாட்டுக்குப் புதிதன்று. 2000ஆம் ஆண்டு இராணுவ ஆயுதங்களைக் கொள்ளையிட்ட அல்-மாவுனா கும்பல் பேராக், சவுக்கில் பதுங்கியிருந்தபோது பிணையாகப் பிடிபட்டு உயிர்நீத்தவர்களுள் காவல் துறையைச் சேர்ந்த சகாதேவன் என்னும் தமிழரும் ஒருவர். 2018இல் இந்தோனேசியாவின் சுரபாயாவில் ஒரு தம்பதியர் தேவாலயங்களைத் தாக்கத் தம் பிள்ளைகளையே உடன் அழைத்துச் சென்றனர். கடைசி இரு பெண்களும் தொடக்கப்பள்ளி வயதை ஒட்டியவர்கள். அச்செய்தியைப் படித்த நாளில் என் வகுப்பறை நாற்காலிகளைப் பார்க்க முடியவில்லை.

அரசுகள் வாளாவிருக்கவில்லை. இந்தோனேசியா அதே ஆண்டு தன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கடுமையாக்கியது. சவூதி அரேபியா கைதிகளுக்குச் சமய அறிஞர்களைக் கொண்டு அறிவுரை வழங்கி, குடும்பத்தோடு இணைத்துத் திருத்த முயன்றது. மொரோக்கோ இமாம்களுக்கென்றே 2015இல் பயிற்சிக் கழகம் திறந்தது. நம் நாட்டில் இசா சட்டத்திற்கு மாற்றாக 2012இல் சொஸ்மாவும், பின்னர் 2015இல் பொத்தாவும் வந்தன. வன்முறைத் தீவிரவாதத்தைத் தடுப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2024 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.

சட்டம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால், அது தவறான தோளிலும் விழக்கூடும் என்பதை நெகிரி செம்பிலான் தமிழர்கள் நன்கறிவோம். 2019 அக்டோபரில் விடுதலைப்புலிகளோடு தொடர்பு என்று கூறி, சிரம்பான் ஜெயா சட்டமன்ற உறுப்பினர் குணசேகரன் உள்ளிட்ட 12 பேர் சொஸ்மாவின்கீழ் கைதாயினர். புலிகள் இயக்கம் இலங்கையில் 2009லேயே முறியடிக்கப்பட்டிருந்தது. 2020 பிப்ரவரியில் சட்டத்துறைத் தலைவர் அவ்வழக்குகளைக் கைவிட்டார். அந்த நான்கு மாதங்களில், "தமிழன் என்றாலே பயங்கரவாதியா?" என்று நாம் எத்தனை முறை மனம் நொந்து கேட்டோம்! அதே வினாவைத்தான் என் மாணவன் வேறொரு சமூகத்தைப் பற்றிக் கேட்டான். நமக்கு வலித்தது அவர்களுக்கும் வலிக்காதா?

கைது என்பது தீ பற்றிய பின் ஊற்றும் நீர். உலு திராம் இளைஞரின் குடும்பம் அக்கம்பக்கத்தாரோடு பழகாமல் ஒதுங்கி வாழ்ந்ததாக உள்துறை அமைச்சர் அன்று கூறினார். தனிமையில்தான் நஞ்சு விளைகிறது. அப்படியிருக்க, நாம் மட்டும் என்ன செய்கிறோம்? எங்கள் தோட்டத்துச் செம்பனைக் காட்டைத் தாண்டினால் மலாய்க் கம்பம். அங்குள்ள பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும்வரை ஒருவர் பெயரை ஒருவர் அறிவதில்லை. நன்னெறிப் பாட வேளையில் ஒற்றுமையைப் பற்றிக் கட்டுரை மட்டும் எழுத வைக்கிறோம்.

ஆசிரியர்களே, ஆண்டுக்கு இருமுறையாவது அண்டைத் தேசியப்பள்ளியோடு ஒரு பந்து விளையாட்டு, ஒரு கூட்டுப்பணி நடத்துங்கள். பெற்றோர்களே, ஓர் இனத்தையே பழிக்கும் புலனச் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் பிள்ளை அருகில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அம்மாணவனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "உயிர்நீத்த அந்த இரண்டு காவலர்களும் முஸ்லிம்கள்தாம், தம்பி." அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்ல அமர்ந்தான்.

வேலி அங்கேதான் தொடங்குகிறது. சிந்திப்போம்.