மிதிவண்டியில் வீராணம் நோக்கி

கல்வி என்பது வகுப்பறையின் நான்கு சுவர்களுக்குள் நிறைவுறுவதன்று. இதனை நாம் அனைவரும் ஒப்புவோம். ஆயினும் ஆண்டுதோறும் நாம் மேற்கொள்ளும் இலக்கியச் சுற்றுலா எவ்வாறு அமைகிறது? விடியுமுன் பேருந்தில் ஏறுகிறோம். ஒலிபெருக்கியின் இரைச்சலில் ஊர்கள் மறைந்து போகின்றன. நான்கு இடங்களில் இறங்கி நிழற்படம் எடுத்துக்கொண்டு நள்ளிரவில் வீடு திரும்புகிறோம். கண்டது மிகுதி, கற்றது குறைவு. இச்சுற்றுலாவை ஏன் மிதிவண்டிப் பயணமாக மாற்றலாகாது என்பதே நம் வினா.

சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவு. மணிக்குப் பன்னிரண்டு கி.மீ. மிதித்தாலும் முற்பகலிலேயே சென்று சேரலாம். நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகள் தோன்றிய ஊர் அது. அருகிலேயே முதலாம் பராந்தகன் (907–955) காலத்து வீராணம் ஏரி, நெடுந்தொலைவுக்கு விரிந்து கிடக்கிறது. கரையோரம் லால்பேட்டையின் பள்ளிவாசல்களும் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதும் இவ்வேரிக் கரையில்தான். வந்தியத்தேவன் குதிரையில் வந்தான். நாம் மிதிவண்டியில் செல்வோம். ஏரியின் நீளத்தை எண்ணாகப் படிப்பது வேறு. எதிர்க்காற்றில் கால் கடுக்க மிதித்து அறிவது வேறு.

தை, மாசித் திங்கள்கள் இதற்கு ஏற்றவை. மழை ஓய்ந்திருக்கும், சம்பா அறுவடை நடக்கும், சாலையோரத்தில் நெல் காயும். களத்துமேட்டில் நிற்கும் உழவரிடம் இறங்கிப் பேசலாம். மருதத்திணைக்கு அவரினும் சிறந்த உரையாசிரியர் யார்?

இரவு ஏரியருகே தங்குதல் வேண்டும். ஆனால் ஒரு கட்டுப்பாடு உண்டு. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு கொணரும் இந்நீர் வயல்களுக்குப் பாய்வதோடு, 2004 முதல் 200 கி.மீ.க்கும் அப்பாலுள்ள சென்னை மக்களின் தாகத்தையும் தீர்க்கிறது. எனவே உரிய அலுவலரின் இசைவு பெற்று, கரையை விட்டு விலகியே கூடாரம் அமைத்தல் வேண்டும். சோப்பு நுரையோ நெகிழிப் பையோ நீரில் சேரலாகாது. பிறர் அருந்தும் நீரைப் பேணுதல், சுற்றுலா கற்பிக்கும் முதற்பாடமாக அமையட்டும்.

“மாணவியர் எவ்வாறு வருவர்?” என்று பெற்றோர் வினவுவர். அவ்வச்சத்தை நாம் இகழவில்லை; நாமும் பெற்றோரே. பேராசிரியைகள் உடன்வரட்டும், மாணவியர் பள்ளிக் கட்டடமொன்றில் தங்கட்டும், மருந்தும் குடிநீரும் பஞ்சர் ஒட்டும் கருவிகளும் ஏற்றிய சிற்றுந்து பின்தொடரட்டும். ஆனால் அச்சத்தைக் காரணங்காட்டி அவர்களை மட்டும் வீட்டில் நிறுத்துவது முறையன்று. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991, 92ஆம் ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தின்வழி எழுத்தறிவு பெற்ற பெண்கள் பல்லாயிரவர், மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். தாய்மார் அன்று வென்ற சாலையை மகளிர்க்கு இன்று மறுக்கலாமா?

மேல்நிலைப் பள்ளியில் அரசு விலையின்றி வழங்கிய மிதிவண்டிகள் பல, கல்லூரிக்கு வந்தபின் வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்கின்றன. அவற்றிற்குக் காற்றடித்து, சங்கிலிக்கு எண்ணெயிட்டாற் போதும். பேருந்து வாடகை மிஞ்சும். மிஞ்சும் தொகையில் துறை நூலகத்திற்கு நூல்கள் வாங்கலாம். மாணவச் செல்வங்கள் முன்வருக. பெற்றோர் இசைவு தருக. நிருவாகம் துணைநிற்க என வேண்டுகிறோம்.