கழுத்துல சொடக்கு எடுக்கிற கூத்து

கந்தசஷ்டி வந்தா ஆலந்தலை வழியா உவரிக்குப் போற ரோட்டுல டவுன் கார்களா ஊரும். முன்னால போறவர் சடார்னு பிரேக் அடிப்பார், பின்னால வர்றவர் ஒரு இடி இடிப்பார். ரெண்டு பேரும் இறங்கி பம்பரைப் பாத்து சண்டை போட்டுட்டுப் போயிருவாங்க. கழுத்தை ஒருத்தரும் பாக்கிறதில்ல. மறுநாள் காலையிலதான் தலையைத் திருப்ப முடியாது.

டாக்டர்மார் இதை விப்லாஷ்ங்காங்க. சீட்டு உடம்பை முன்னால தள்ளுது, தலை பின்தங்கி அப்புறம் சாட்டை மாதிரி முன்னால வெட்டுது. எல்லாம் ஒரு நொடிக்குள்ள. அடிபடுறது பெரும்பாலும் தசையும் நாரும். அது எக்ஸ்ரேயில தெரியாது. "எக்ஸ்ரே நல்லாத்தானே இருக்கு, நடிக்கான்"னு சொல்றவங்க இதைக் கேட்டுக்கிடணும்.

அதைவிட எனக்குக் கோபம் வர்றது இந்த சொடக்கு விஷயத்துலதான். ஷேர் ஆட்டோவுல போகும்போது பின்னால இடிபட்டு வந்த என் தம்பி மகன், "சலூன்ல ஒரு சொடக்கு எடுத்தா சரியாயிரும் பெரியப்பா"ங்கான். "ஏலே, அடிபட்ட மாட்டுக் காலையே யாரும் முறுக்க மாட்டான், நீ கழுத்தை முறுக்கக் குடுக்கப் போறியா"ன்னு சத்தம் போட்டேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் கழுத்து வழியாத்தான் போகுது. வெடுக்குன்னு திருப்பினா அதன் உள்தோல் கிழியலாம், அங்க ரத்தம் உறைஞ்சு பக்கவாதம் வரலாம். 2024ல கர்நாடகா பல்லாரியில ஒரு வாலிபருக்கு சலூன்ல கழுத்தைத் திருப்பி இப்படித்தான் ஆச்சு. நல்ல கழுத்துக்கே இந்தக் கதி. இதுக்குப் படிப்பு வேண்டாம், பேப்பர் படிச்சாலே போதும்.

அடுத்தது கழுத்துப் பட்டை. எலும்பு முறிஞ்சவனுக்கு அது வேணும். சும்மா பிடிப்புக்கு மாசக்கணக்குல மாட்டினா தசை செத்துப்போகும். மூணு மாசம் கட்டுத்தறியில நின்ன காளை ஏர்ல நடக்குமா? 1995லயே கனடாவின் கியூபெக்ல ஒரு மருத்துவக் குழு அலசிப் பாத்து, சீக்கிரம் அசைக்கணும், வழக்கமான வேலைக்குத் திரும்பணும்னு சொல்லிட்டுது. டாக்டர் பாத்து முறிவு இல்லைன்னதும், வலி பொறுக்கிற அளவுக்கு இடமும் வலமும் மெள்ளத் திருப்பணும், தினம் பலதடவை. வலிக்கு அவர் சொன்ன மாத்திரை. பெரும்பாலானவங்களுக்கு சில வாரத்துலயோ ரெண்டு மூணு மாசத்துலயோ சரியாயிருது. தம்பி மகன் ஆறாவது வாரம் வாழைக்குத் தண்ணி பாய்ச்சினான்.

ஆனா கை கால் மரத்தாலோ, பலம் குறைஞ்சாலோ, நடு எலும்பைத் தொட்டா வலிச்சாலோ, அடிபட்டவர் 65 வயசு தாண்டியிருந்தாலோ, ஆளைத் தூக்கி ஆட்டோவுல திணிக்காதீங்க. அப்படியே படுக்க வச்சு 108ஐக் கூப்பிடுங்க. 2021 டிசம்பர்ல வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டத்துல விபத்தான முதல் 48 மணி நேரத்துக்குச் செலவு அரசாங்கத்தோடது. கையில காசில்லைன்னு சலூனுக்கு ஓட வேண்டிய அவசியமே இல்ல.

கார்க்காரங்களுக்கு ஒண்ணு. சீட்டுக்கு மேல இருக்கிற அந்த ஹெட்ரெஸ்ட், தலை பின்னால போகாம தாங்குறதுக்குத்தான். அது உச்சந்தலை உயரத்துக்கு இருக்கணும். இங்க வந்து நிக்கிற கார்கள்ல நான் பாக்கிறது, கீழ வரை அமுக்கிவிட்டு மேல ஒரு பூத்துண்டைப் போத்தி வச்சிருக்கீங்க.