குதிரைக்கு முதல் இடம்

ஆண்டுதோறும் நவராத்திரிக்கு முன்னர் பத்மநாபபுரத்திலிருந்து மூன்று தெய்வத் திருமேனிகள் திருவனந்தபுரம் நோக்கிப் புறப்படுவதை எல்லைப்புற மக்களாகிய நாம் நன்கு அறிவோம். தேவாரக்கட்டு சரஸ்வதி தேவி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோரின் அப்பயணம் முதல் இரவு குழித்துறையிலும், மறுநாள் களியக்காவிளை, பாறசாலை வழியாகச் சென்று இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்குகிறது. சரஸ்வதி தேவியை யானை சுமந்து செல்வது மரபு. தங்கும் ஊர்கள் இரண்டும் ஆற்றங்கரை ஊர்கள்: ஒன்றில் தாமிரபரணி, மற்றொன்றில் நெய்யாறு. விலங்கோடு வழிநடப்போர் நீருள்ள இடம் பார்த்தே இரவு தங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

அண்மையில் இளைஞர் ஒருவர் நம் கிளைக்குக் கடன் திட்ட அறிக்கையுடன் வந்தார். மலையடிவாரத்தில் ஓடையை ஒட்டிய தம் குடும்பத் தோட்டத்தில் கூடாரங்கள் அமைத்து, இரண்டு குதிரைகளை வாங்கி, நகரத்து விருந்தினரை வரவழைப்பது அவரது எண்ணம். கூடாரம், கழிப்பறை, சமையற்கூடம், விளம்பரம் ஆகிய அனைத்திற்கும் கணக்கு இருந்தது. குதிரைகளுக்கோ வாங்கும் விலை மட்டுமே இருந்தது. தீவனத்தைப் பற்றிக் கேட்டோம். “தோட்டத்தில் புல்லுக்கா பஞ்சம், சார்?” என்றார்.

குதிரையின் தேவைகளை அவரோடு அமர்ந்து கணக்கிட்டோம். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு உலர்ந்த தீவனமாகவே நாளொன்றுக்குச் சுமார் 6 கிலோ வேண்டும். குடிநீர் 20 லிட்டருக்குக் குறையாது. வெயிலில் உழைத்தால் அதற்கும் மேல். குளம்பை 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை சீர்செய்ய வேண்டும். நனையாத லாயம், பழகிய பராமரிப்பாளர், அழைத்தால் வரக்கூடிய கால்நடை மருத்துவர் ஆகியோரும் வேண்டும்.

அடுத்தது ஓடை. அமெரிக்காவின் நெவாடா போன்ற பாலைநில மலைத்தொடர்களில் குதிரையோடு முகாமிடுவோர் ஓடையருகே தங்கவே விரும்புவர். வறண்ட நிலத்தில் வேறு நீர் அரிது. ஆயினும், ஓடையிலிருந்து 200 அடி, அதாவது சுமார் 60 மீட்டர் தள்ளியே குதிரையைக் கட்ட வேண்டும் என்பது அங்குப் பரவலாகக் கற்பிக்கப்படும் ஒழுங்கு. குளம்புகள் கரையைச் சிதைக்கும். சாணம் நீரில் கலக்கும். மழை மிகுந்த நம் மண்ணில் இவ்வொழுங்கு இன்னும் தேவை. மேலே கலந்த அழுக்கு கீழே உள்ளவர் குளிக்கும் கடவுக்கு வந்து சேர நெடுநேரம் ஆகாது.

மழையைப் பற்றி வங்கியாளராகவும் ஒன்று சொல்ல வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பகுதி இது. அம்மாதங்களில் கூடாரங்கள் காலியாகக் கிடக்கும். கூடாரத்தை மடித்து வைக்கலாம். குதிரையை மடித்து வைக்க இயலாது. வருமானம் நின்றாலும் தீவனச் செலவு நிற்காது. கடன் தவணையும் நிற்காது. தவணை தவறும்போது முதலில் குறைக்கப்படுவது பெரும்பாலும் வாய் பேசாத ஒன்றின் உணவே. வாராக் கடன் என்பது நமக்கு ஏட்டில் ஒரு வரி; அக்குதிரைக்கோ பட்டினி.

எனவே, இத்தகைய தொழிலில் இறங்க விரும்பும் வாடிக்கையாளர்களிடம் நாம் கேட்டுக்கொள்வன சில. மழைக்கால மாதங்களுக்கான தீவனச் செலவை நடைமுறை மூலதனத்தில் சேர்த்துக் காட்டுங்கள். கால்நடைக் காப்பீடு குதிரைக்கும் உண்டு, அதைத் தவிர்க்காதீர்கள். வெளிக்குதிரைகள் வந்து தங்குமாயின் பொதுத் தொட்டியில் நீர் காட்டாமல் தனித்தனி வாளி வையுங்கள். மனிதரையும் தாக்கவல்ல கிளாண்டர்ஸ் என்னும் தொற்றுநோய் பொதுத் தொட்டி வழியாகவும் பரவும். நெய்யாறு வனவிலங்கு சரணாலயத்திற்குள் செல்வதாயின் வனத்துறையின் அனுமதியை முன்னதாகவே பெறுங்கள்.

புதிய முயற்சிகளுக்கு நாம் தடை சொல்பவர் அல்லர். எல்லையோரக் கிராமத்து இளைஞர் சொந்த மண்ணிலேயே பிழைக்க வழி தேடுவது வரவேற்கத்தக்கது. ஆனால், பிறிதோர் உயிரின் உழைப்பால் வரும் வருமானத்தில் முதற்பங்கு அவ்வுயிருக்கே உரியது. இதனை அறம் என்றும் சொல்லலாம். நல்ல கணக்கு என்றும் சொல்லலாம்.

அவ்விளைஞர் ஒரு மாதம் கழித்துத் திருத்திய அறிக்கையுடன் மீண்டும் வந்தார். கூடாரங்கள் குறைந்திருந்தன. ஓடையிலிருந்து தள்ளி ஒரு லாயமும், ஆண்டு முழுமைக்குமான தீவனக் கணக்கும் சேர்ந்திருந்தன. எதிர்பார்க்கும் லாபம் முன்னதைவிடக் குறைவு. கடன் கொடுக்கத் தக்கது இந்த அறிக்கையே என்று நாம் கருதினோம்.