தத்தும் தாமதமும்

2024-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் சீன சர்க்கார், நெருங்கிய இரத்த உறவினர் தவிர வேறு அந்நிய நாட்டார் எவரும் இனித் தங்கள் நாட்டுப் பிள்ளைகளைத் தத்து எடுக்க முடியாதென்று அறிவித்துவிட்டது. 1992 முதல் அதுவரையில் 1,60,000-க்கு மேற்பட்ட சீனப் பிள்ளைகள் பல தேசங்களுக்குத் தத்துப் போயிருக்கிறார்கள். இதில் சுமார் பாதிப்பேர் அமெரிக்காவுக்குப் போனவர்கள். ஒரு நாட்டார் தங்கள் பிள்ளைகளைத் தாங்களே வளர்த்துக்கொள்ளுகிறோம் என்று சொல்லுவார்களேயானால் அதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை. ஆனால், இன்ன பிள்ளைக்கு இன்ன தாய் தகப்பன் என்று அந்தச் சர்க்காரே குறித்துக்கொடுத்து, 2020-ல் கொரோனா நோயைக் காரணம் சொல்லி நிறுத்திவைத்திருந்த பிள்ளைகளும் இந்த அறிவிப்பில் அகப்பட்டுக் கொண்டார்கள். நான்கு வருஷம் காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பதில் ஒரு வரி.

ரஷியாவிலும் 2012 டிசம்பரில் இதேதான் நடந்தது. அமெரிக்கர்களுக்குப் பிள்ளை கொடுப்பதில்லை என்று சட்டம் போட்டபோது, தன்னை அழைத்துப்போக வரப்போகிறவர்களைக் கண்ணால் கண்டு பழகிவிட்ட பிள்ளைகளும் விடுதியிலேயே நின்றுவிட்டன. இரண்டு வல்லரசுகளின் மனஸ்தாபத்துக்கு அபராதம் கட்டியது அநாதைப் பிள்ளை!

இதைப் படிப்பவர்கள், எங்கோ நடப்பதற்கு நமக்கென்ன என்று நினைக்கக்கூடும். நமது நாடும் பிள்ளைகளை வெளியே அனுப்புகிற நாடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்நியருக்குப் பிள்ளைகளைக் கொடுப்பதில் நடந்துவந்த அக்கிரமங்களைப் பற்றி ஒரு வக்கீல் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்றுக்கொண்டு, 1984-ல் சுப்ரீம் கோர்ட்டு பல விதிகளை ஏற்படுத்திற்று. பிள்ளைக்கு முதலில் இந்நாட்டிலேயே வீடு தேடவேண்டும், கிடைக்காவிட்டால்தான் வெளிநாடு, எடுக்க வருகிறவரின் குடும்பத்தை அவர் நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஸ்தாபனம் நேரில் பார்த்து எழுதவேண்டும் என்பவை அவற்றில் சில. பிறகு 1993-ல் ஹேக் நகரத்தில் பல தேசத்தாரும் கூடி ஒப்பந்தம் செய்தார்கள். 2003-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. இவைகள் எல்லாம் வேண்டியவைகளே. பிள்ளை கடைச்சரக்கல்ல, கேட்டவுடன் கட்டிக் கொடுத்துவிட முடியாது.

நிற்க. வேண்டிய தாமதம் ஒன்று. வீண் தாமதம் ஒன்று. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதுதான் உத்தியோகஸ்தர்களின் சாமர்த்தியம். பெற்றவள் பிள்ளையை ஒப்படைத்த பிறகு மனம் மாறித் திரும்பி வரக்கூடுமென்று இரண்டு மாதம் தவணை கொடுத்திருக்கிறார்களே, அது வேண்டிய தாமதம். அந்தத் தவணை கழிந்தபிறகு காகிதம் மேஜையில் தூங்குவது எந்தத் தாயின் நன்மைக்கு? 2015-ம் வருஷச் சட்டம், தத்து மனுவைக் கோர்ட்டார் இரண்டு மாதத்தில் முடிக்கவேண்டுமென்று சொல்லிற்று. அது நடக்கவில்லையென்று 2021-ல் சட்டத்தைத் திருத்தி, 2022 செப்டம்பர் முதல் அந்த அதிகாரத்தை ஜில்லா கலெக்டருக்கு மாற்றினார்கள். அந்த மாற்றத்திலேயே, தீர்ப்பை எதிர்பார்த்திருந்தவர்கள் இனி கோர்ட்டுக்குப் போவதா, கலெக்டர் கச்சேரிக்குப் போவதா என்று திகைக்கும்படியாயிற்று.

வெளிநாட்டாருக்கோ கஷ்டம் இரட்டிப்பு. அமெரிக்காவில் இவர்களிடம் எடுக்கும் கைரேகைக்குப் பதினைந்து மாதம்தான் ஆயுள். இங்கே காகிதம் நகருவதற்குள் அங்கே ரேகை காலாவதியாகிவிடும். மறுபடியும் விரலை நீட்டவேண்டும். மனிதனுடைய விரல்ரேகை பிறந்தது முதல் சாகும்வரை மாறுவதில்லை என்று படித்தவர்கள் சொல்லுகிறார்கள். சர்க்கார் கச்சேரியில் மட்டும் அது மாறுகிறது போலும்!

2022-ல் பார்லிமெண்டுக் கமிட்டியார் வெளியிட்ட கணக்கைத் தோழர்கள் கவனிக்கவேண்டுமாய்க் கேட்டுக்கொள்ளுகிறோம். 2021 டிசம்பரில் பிள்ளை வேண்டுமென்று பதிவு செய்து காத்திருந்தவர்கள் 27,939 பேர். விடுதிகளில் தத்துக்குரியவர்களாக இருந்த பிள்ளைகள் 6,996. இவர்களில் தத்துக் கொடுக்கலாமென்று சட்டப்படி தீர்மானிக்கப்பட்டவர்கள் 2,430 பேர் மாத்திரமே. இந்தப் பக்கம் பிள்ளை இல்லாத வீடு. அந்தப் பக்கம் வீடு இல்லாத பிள்ளை. நடுவில் ஒரு கையெழுத்து. ஒரு வயதில் வந்த பிள்ளைக்கு அந்தக் கையெழுத்து மூன்று வயதில் கிடைத்தால், "கைக்குழந்தைதான் வேண்டும்" என்கிறவர்கள் அதை வேண்டாமென்று சொல்லிவிடுகிறார்கள். காலதாமதத்தாலேயே வயதேறிப்போன பிள்ளையை, வயதேறிவிட்டதே என்று தள்ளிவிடுவது என்ன நியாயம்?

"அவசரப்பட்டால் பிள்ளை திருட்டு நடக்குமே" என்று சிலர் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்விதான். 2005-ல் சென்னையில் போலீசார் கண்டுபிடித்த வழக்கில், குடிசைகளிலும் தெருவோரத்திலும் வாழ்ந்த ஏழைகளின் பிள்ளைகள் திருடப்பட்டு வெளிநாடுகளுக்குத் தத்தாகப் போயிருந்தது வெளிவந்தது. ஒரு தாயும் தகப்பனும் தங்கள் மகனைத் தேடி நெதர்லாந்துக் கோர்ட்டுவரை போகவேண்டியதாயிற்று. ஆனால் தோழர்களே, அந்தப் பிள்ளைகள் காகிதமில்லாமலா கப்பலேறினார்கள்? எல்லாக் காகிதமும் இருந்தது. எல்லா முத்திரையும் விழுந்திருந்தது. இல்லாமற்போனது ஒன்றுதான். இந்தப் பிள்ளை யாருடையது என்று தெருவில் இறங்கி விசாரித்த ஒரு மனிதன் இல்லை. அந்த ஒரு மனிதனை நியமிப்பதை விட்டுவிட்டு இன்னும் பத்து முத்திரைகளைச் சேர்த்தால், யோக்கியமாய் வருகிறவன் அலைவான். திருடன் முத்திரைக்கு விலை கொடுத்துவிட்டுப் போவான்.

இனி நம் ஜனங்களைப் பற்றியும் சொல்லாமல் விடுவதற்கில்லை. நம் பிள்ளை ஏன் அந்நிய நாட்டுக்குப் போகவேண்டும் என்று ரோஷப்படுகிறவர்கள் வீட்டில் இடம் இருக்கிறதா? 'புத்' என்னும் நரகத்திலிருந்து தப்ப ஆண்பிள்ளை வேண்டுமென்ற புரட்டை நம்பி, சுயஜாதி ஆண்பிள்ளையையே சுவீகாரம் எடுத்துவந்த நாடு இது. இந்து சட்டத்தில் பெண்குழந்தையைத் தத்தெடுக்க 1956-ல்தான் வழி பிறந்தது. எந்த மதத்தாரும் பொதுச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாமென்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லுவதற்கு 2014 ஆயிற்று. சட்டம் மாறியும் புத்தி மாறவேண்டாமா? நமக்குத் தெரிந்த ஒரு கனவான், விடுதிக்குப் போய்ப் பிள்ளையின் நட்சத்திரம் என்னவென்று கேட்டாராம். குப்பைத் தொட்டியருகில் எடுத்த பிள்ளைக்கு நட்சத்திரம் குறித்துவைத்தவன் எவன்? எறும்பு மொய்த்த நேரத்தை வேண்டுமானால் சொல்லலாம். கறுப்பென்றும் காலில் ஊனமென்றும் இப்படிப்பட்டவர்கள் தள்ளிவிட்ட பிள்ளைகளைத்தான், பாஷை தெரியாத, ஜாதி கேட்காத எவனோ ஒருவன் கடல் தாண்டிவந்து தூக்கிக்கொள்ளுகிறான். ஊனமுள்ள பிள்ளைகள் பெரும்பாலும் வெளிநாட்டாரிடமே போய்ச் சேருவது வெட்கப்படத்தக்கது. அவனையும் வருஷக்கணக்காய் வாசலில் நிறுத்திவைப்பது அதைவிட வெட்கம்.

நாம் கேட்பது பெரிய காரியமல்ல. ஒவ்வொரு ஜில்லாவிலும் விடுதியிலுள்ள பிள்ளைகள் எத்தனை, எந்தத் தேதியில் வந்தார்கள், யாருடைய மேஜையில் எந்தக் காகிதம் எத்தனை நாளாக நிற்கிறது என்பதைப் பெயரில்லாமல், எண் மட்டும் போட்டு, மாதந்தோறும் கலெக்டர் கச்சேரி வாசலில் ஒட்டவேண்டும். தவணை தாண்டிய ஒவ்வொரு காகிதத்துக்கும் பக்கத்தில் காரணமும், அதை வைத்திருக்கிற உத்தியோகஸ்தருடைய கையெழுத்தும் இருக்கவேண்டும்.