பலகையைச் சுற்றி நடக்கும் பேச்சு

"ஆங்கிலம் வளர என் பிள்ளைக்கு ஸ்கிராபல் வாங்கிக் கொடுக்கலாமா?" பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. தாராளமாக வாங்கிக் கொடுங்கள். கடைக்குப் போகுமுன் ஒருவரின் கதையை மட்டும் கேட்டுவிடுங்கள்.

நைஜல் ரிச்சர்ட்ஸ் நியூசிலாந்துக்காரர். பல ஆண்டுகளாக மலேசியாவில் வாழ்பவர். 2007இல் மும்பையில் நடந்த ஆங்கில ஸ்கிராபல் உலகப் போட்டியின் இறுதிச் சுற்றில், நம் நாட்டின் கணேஷ் ஆசிர்வாதத்தை வென்றவர் இவர்தான். 2015இல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு ஸ்கிராபல் போட்டிக்குப் போய் அதிலும் வெற்றி பெற்றார். அவருக்குப் பிரெஞ்சு பேசத் தெரியாது! சொற்பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு போய் உட்கார்ந்தார். 2024இல் ஸ்பானிய மொழியிலும் அப்படியே வென்றார்.

அவருடைய நினைவாற்றலுக்கு ஒரு வணக்கம். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பலகையில் சொல் அடுக்குவது வேறு, ஒரு மொழியில் வாயைத் திறப்பது வேறு.

சனிக்கிழமை மாலைகளில் ஈப்போ புந்தோங்கில் சில பிள்ளைகளோடு விளையாட்டு வழியாக ஆங்கிலம் பழகி வருகிறேன். தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய். பாடநூலை மூடியபின் ஆங்கிலம் பேச வேண்டிய அவசியமே அவர்களுக்கு வருவதில்லை. எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுக்கும் பிள்ளைகூட, "வாட் இஸ் யுவர் ஹாபி?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும்.

எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் பேச்சுத் தேர்வு உண்டு. மாணவர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரு பகுதியில் தங்களுக்குள் கலந்து பேச வேண்டும். மற்றவர் சொல்வதைக் கேட்டு, ஒத்துக்கொண்டோ மறுத்தோ பதில் சொல்ல வேண்டும். இதை டியூஷன் வகுப்பில் மனப்பாடம் செய்துவிட முடியாது. விளையாட்டு மேசையிலோ இது தானாகவே நடக்கும்.

அதற்கு விலையுயர்ந்த பெட்டி தேவையில்லை. பாம்பும் ஏணியும் போதும். எங்கள் விதிகள் இரண்டே. ஏணியில் ஏற வேண்டுமானால், நேற்று செய்த ஒரு காரியத்தை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பாம்பு கடித்தால் ஒரு சாக்குச் சொல்லலாம். மற்றவர்கள் அதை ஏற்றுக்கொண்டால் பாதி தூரம் மட்டும் இறங்கினால் போதும். சாக்குச் சொல்வதில் நம் பிள்ளைகளுக்கு ஈடு உண்டா? "மை கேட் புஷ் த டைஸ்" என்றான் ஒன்பது வயதுப் பையன். "யூ நோ ஹேவ் கேட்!" என்று உடனே எதிர்த்தாள் பக்கத்து வீட்டுப் பெண். இலக்கணம் நொண்டியடித்தது, வாதம் ஓடியது.

அந்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தித் திருத்தக்கூடாது. "ஓ, யுவர் கேட் புஷ்ட் த டைஸ்?" என்று சரியான வடிவத்தை நாமே கேள்வியாகத் திருப்பிச் சொன்னால் போதும். பிள்ளை அதைக் காதில் வாங்கிக்கொண்டே அடுத்த காயை நகர்த்தும்.

ஒரு சிக்கல் நிச்சயம் வரும். ஆட்டம் சூடு பிடித்தால் எல்லாரும் தமிழுக்குத் தாவிவிடுவார்கள். அதட்ட வேண்டாம், அது இயல்பு. அடிக்கடி தேவைப்படும் வாக்கியங்களை ஓர் அட்டையில் எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள். "இட்ஸ் மை டர்ன்", "பாஸ் மீ த டைஸ்", "ஆர் யூ ஷ்யூர்?" முதல் வாரம் அட்டையைப் பார்த்துப் படிப்பார்கள். போகப்போக அட்டையைத் திரும்பிப் பார்க்கவும் மறந்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. பழைய நாள்காட்டி அட்டையை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை எழுதுவோம். அந்தச் சொல்லையும், அதற்குக் கீழே எழுதியிருக்கும் மூன்று சொற்களையும் பயன்படுத்தாமல் விளக்க வேண்டும். மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அட்டைகளுக்கான சொற்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொன்னேன். பால்மரம், மங்கு, ஒட்டுப்பால், லயம், பெரட்டு என்று வந்து குவிந்தன.

1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அதன்பின் பேராக் முழுவதும் தோட்டங்கள் பரவின. நம்மவர் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டினார்கள். பிறகு பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாற, குடும்பங்கள் பட்டணத்துக்கு வந்தன. 'ஒட்டுப்பால்' என்ற அட்டையை எடுத்த சிறுமிக்கு அது என்னவென்றே தெரியவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் ஓடிக் கேட்டு வந்தாள். பாட்டி தமிழில் சொன்னதை அவள் தட்டுத் தடுமாறி ஆங்கிலத்தில் விளக்கினாள்.

ஆகவே, "எனக்கு ஆங்கிலம் வராதே, நான் எப்படி விளையாடுவது?" என்று தயங்கும் தாத்தா பாட்டிகளே, உங்களுக்கும் மேசையில் இடமிருக்கிறது. செய்தி உங்களிடம் இருக்கட்டும், மொழிபெயர்ப்பைப் பேரப்பிள்ளை பார்த்துக்கொள்ளட்டும்.

தோட்டத்தில் ஆங்கிலம் துரையின் பங்களாவிலும் கிராணியின் ஆபீசிலும் இருந்தது. பால் வெட்டியவருக்கு அது கட்டளையாகத்தான் வந்து சேர்ந்தது; அதில் திருப்பிப் பேச அவருக்கு வாய்ப்பில்லை. அந்தப் பயம் இன்னும் சில வீடுகளில் மிச்சமிருக்கிறது. ஆங்கிலம் என்றாலே நம்மைச் சோதிக்க வந்தவர் முன்னால் கைகட்டி நிற்பது போன்ற உணர்வு. நேர்முகத் தேர்வில் நம் இளைஞர்கள் குரல் தாழ்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எங்கள் மேசையில் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் முன்னதாகக் கற்றுக்கொள்ளும் வாக்கியம் எது தெரியுமா? "தட்ஸ் நாட் ஃபேர்!" அட்டையில் அதை நான் எழுதவே இல்லை. யாரோ ஒருவர் சொல்ல, ஒரே மாலையில் எல்லாருக்கும் பாடமாகிவிட்டது. அதைச் சொல்லும்போது எந்தப் பிள்ளையும் தலையைக் குனிவதில்லை.